சுவரில் மாட்டிய சான்றிதழை நம்பி முதியோர் இல்லத்தில் சேர்க்காதீர்கள்

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் அம்மாவைச் சேர்த்து நாங்கள் பட்ட பாடு இது. வழக்கு நடப்பதால் பெயர் போடவில்லை. எங்கள் கரையோர ஊர்களில் பிள்ளைகள் பாதிப்பேர் வளைகுடாவில், மீதிப்பேர் சென்னை, திருப்பூரில். இந்த மாதிரி இடங்களுக்கு ஆளா கிடைக்காது?

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. இருபத்துநாலு மணி நேரமும் நர்ஸ், வாரம் ஒருமுறை டாக்டர், பிசியோதெரபி என்று ஆசை காட்டினார்கள். மாதம் 22 ஆயிரம், அட்வான்ஸ் 50 ஆயிரம். "லைசென்ஸ் இருக்குங்களா?" என்று அண்ணன் கேட்டதற்கு, நிர்வாகி சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த மூன்று சான்றிதழ்களைக் காட்டி, "எல்லாம் கவர்மெண்ட்டு குடுத்ததுதான் தம்பி, போட்டோ எடுத்துக்குங்க" என்றார். எடுத்துக்கொண்டோம். இப்போது வழக்கில் அந்தப் போட்டோதான் எங்கள் ஆதாரம்.

ஒருநாள் மதியம் சொல்லாமல் போய் நின்றேன். அறைக்குள் நுழைந்ததுமே வாடை. அம்மாவைப் புரட்டிப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண், சேலை அதோடு ஒட்டிக் கிடக்கிறது. எழ முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது இந்த வேலையின் அரிச்சுவடி. தலைமாட்டில் சர்க்கரை அளவு எழுதும் நோட்டு இருந்தது. அதில் அன்று ராத்திரி அளவு 148, மறுநாள் காலை வெறும் வயிற்றில் 126 என்று மதியம் மூன்று மணிக்கே எழுதி வைத்திருந்தார்கள்! நர்ஸ் என்று சொல்லப்பட்ட பெண்ணைக் கேட்டால், "சார்தான் எழுதிவைக்கச் சொன்னாங்கக்கா" என்றது. பன்னிரண்டாவது முடித்த கையோடு வேலைக்கு வந்த பிள்ளை. அதன்மேல் எனக்குக் கோபமில்லை.

அன்றே அம்மாவை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

அப்புறம் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் படித்தோம். ஒன்று உத்யம் பதிவு. சிறுதொழில் செய்கிறேன் என்று ஆதாரை வைத்து ஆன்லைனில் நாமே செய்துகொள்வது, கட்டணம்கூடக் கிடையாது. இன்னொன்று 1975-ஆம் வருடச் சட்டப்படி சங்கப் பதிவு. ஊர் கிரிக்கெட் கிளப்பும் அதை வாங்கலாம். மூன்றாவது, சமையலறைக்கான உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு. மூன்றும் அசல், ஒன்றுகூடப் போலியில்லை. முதியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் பதிவு மட்டும் இல்லை.

நீங்கள் கேட்க வேண்டியது, 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின்கீழ் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் செய்த பதிவு. வைத்தியமும் பார்க்கிறோம் என்று சொன்னால், 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் தரும் சான்றிதழும் வேண்டும். நர்ஸ் என்றால் தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் பதிவு எண் இருக்கும், கேளுங்கள். 'கோர்ஸ் முடிச்ச பிள்ளைங்க' என்று மழுப்பினால் கிளம்பிவிடலாம். எந்தத் தாளைக் காட்டினாலும் அதில் காலாவதி தேதியையும் முகவரியையும் பாருங்கள். வேறொரு ஊர்க் கிளையின் சான்றிதழை இங்கே மாட்டி வைப்பதும் நடக்கிறது.

இதெல்லாம் வெறும் காகிதம்தானே என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னார். அப்படி விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடியே சாட்சி, அது நம் மாவட்டம்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓடக்கூட முடியவில்லை. அதற்குப் பிறகுதான் அங்கே இருந்த காப்பகங்களை இழுத்து மூடினார்கள்.

அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டதற்கு 'பராமரிப்புச் செலவில் கழிந்துவிட்டது' என்று பதில் வந்தது. கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனு கொடுத்தோம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் போட்டிருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். முதியவர்களுக்கான 14567 இலவச எண்ணிலும் சொல்லலாம், காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள்.

அம்மா இப்போது வீட்டில்தான். புண் ஆறி வருகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன, காசில்லாமல். இதை யாரும் எங்களுக்கு முன்பே சொல்லவில்லை. அந்தச் சாலையில் உள்ள எந்த இல்லத்திலாவது உங்கள் ஆட்கள் இருந்தால், போன் பண்ணாமல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போங்கள். அந்த நேரத்தில்தான் யாரும் வருவதில்லை என்று தைரியமாக இருப்பார்கள்.