விபிஎன் இல்லாமல் ஓட்டுகிறேன்: எது தேறியது, எது தேறவில்லை

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு, சில வருடங்களாக விபிஎன் (நம் நெட் போக்குவரத்தைப் பூட்டி, வேறொரு கம்பெனியின் சர்வர் வழியாக அனுப்பும் ஆப்) இல்லாமல்தான் நெட் பார்க்கிறேன். விபிஎன் போட்டால் சிம் கம்பெனி பார்க்காது, சரி, ஆனால் அத்தனையும் விபிஎன்காரன் வழியாகத்தானே போகிறது, இலவசமாகத் தருகிறவனுக்கு அதில் என்ன லாபம்? 2022-இல், வாடிக்கையாளர் விவரத்தை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டதும், எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன் எல்லாம் இந்தியாவில் இருந்த சர்வர்களையே எடுத்துவிட்டன. வெளிநாடு சுற்றி வந்தால் வேகம் போகும். இங்கே மழை பிடித்தாலே சிக்னல் ஒரு கோடுதான்.

தினமும் உதவுவது பிரைவேட் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடும் கேள்வியைப் பூட்டி அனுப்பும் வசதி. ஆண்ட்ராய்டு 9 முதல் செட்டிங்ஸிலேயே இருக்கிறது. க்வாட்9 என்ற டிஎன்எஸ் சேவையின் முகவரியை அடித்துச் சேமித்தால் முடிந்தது, வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை. தெரிந்த மோசடித் தளங்களை அதுவே தடுத்துவிடும். 'பயிர்க் காப்பீட்டுப் பணம் வந்திருக்கிறது' என்று லிங்க் வந்தால் உடனே அமுக்குகிற அப்பாவின் போனில் முதலில் போட்டது இதைத்தான் (நேற்று முளைத்த மோசடித் தளத்தை இது பிடிக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும்). தொல்லை என்றால் லாட்ஜ் வைஃபை. கும்பகோணத்தில் கல்யாணத்துக்குப் போய்த் தங்கினால் லாகின் பக்கமே வராது. ஆட்டோமேட்டிக்கில் வைத்து உள்ளே நுழைந்து, பிறகு திரும்பப் போட வேண்டும்.

ஆனால் இது விபிஎன்னுக்குச் சமம் இல்லை. இணைப்பு தொடங்கும்போது தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளியே தெரியும், உங்கள் ஐபியும் (நெட்டில் உங்கள் இணைப்பின் முகவரி) அப்படியே இருக்கும். விளம்பரக்காரர்களைத் தடுக்க பயர்பாக்ஸ் பிரவுசரில் யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைப் போட்டிருக்கிறேன். இத்தனையிலும் நிஜமான நிம்மதி தந்தது அதுதான், டேட்டாவும் மிச்சம். இன்காக்னிட்டோ (பிரவுசரில் பார்த்ததைச் சேமிக்காத ஜன்னல்) உங்கள் போனை வாங்கிப் பார்ப்பவரிடமிருந்து மட்டும்தான் மறைக்கும்.

நோய், மருந்து பற்றித் தேடும்போது டோர் பிரவுசர். மூன்று கணினிகள் தாண்டிப் போகிறது. முதலாவதற்கு நீங்கள் யார் என்று தெரியும், கடைசியதற்கு எங்கே போகிறீர்கள் என்று தெரியும், இரண்டும் சேர்ந்து ஒருவருக்கும் தெரியாது. நீங்கள் டோர் ஓட்டுவது மட்டும் சிம் கம்பெனிக்குத் தெரியும். கட்டுரை படிக்கலாம், வீடியோவெல்லாம் மறந்துவிடுங்கள், பல தளங்கள் 'நீ ரோபோவா' என்று கேட்டே உயிரை எடுக்கும். பேங்க் வேலைக்கு நான் அதைத் தொடுவதே இல்லை.

ஐபோன் வைத்திருப்பவர்கள் பிரைவேட் ரிலே (ஐபியை மறைக்கும் ஆப்பிளின் வசதி) பற்றிக் கேட்கிறார்கள். ஐகிளவுட் பிளஸுக்குப் பணம் கட்டுபவர்களுக்குத்தான், அதுவும் பெரும்பாலும் சஃபாரியில் பார்ப்பதற்கு மட்டும். ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தால் ஆன் பண்ணிக்கொள்ளுங்கள், இதற்காகவே புதிதாகக் கட்ட வேண்டாம்.