தண்டையார்பேட்டை மாடியில் கியூபா, மெக்சிகோ, அப்புறம் ஒரு டீ

பெயர் போடவேண்டாம் என்று நடத்துகிறவர்கள் கேட்டுக்கொண்டதால் இடத்தை மட்டும் சொல்கிறேன். தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கி ஐந்து நிமிஷ நடை, கீழே தையல் கடை, மேலே ஒரு ஹால். மாதத்தில் இரண்டு ஞாயிறு, சாயங்காலம் நாலு மணி என்பார்கள், நாலே முக்காலுக்கு முன்னால் தொடங்கி நான் பார்த்ததில்லை. லத்தீன் அமெரிக்க வேர் உள்ள பால்புதுமையினர் (தன்பால், இருபால் ஈர்ப்பு உள்ளவர்கள், திருநர்) எழுதிய தன்வரலாறுகளைச் சேர்ந்து படிக்கிறார்கள். நாலு மாசமாகப் போகிறேன்.

முதல் நாள் படியேறும்போதே எனக்கு ஒரு எரிச்சல். நம்மிடமே திருநங்கையர் எழுதிய தன்வரலாறுகள், ரேவதியின் ‘வெள்ளை மொழி’ இருக்கிறது, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ இருக்கிறது, காசிமேடு மீன் வாடை வீசுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு கியூபாக்காரர் கதை எதற்கு? நுனிநாக்கு ஆங்கிலக் கும்பலாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

இல்லை. இருப்பது ஒரே புத்தகம் (விலை அப்படி), பன்னிரண்டு பதிமூன்று பேர். ஒருவர் ஒரு பத்தியை ஆங்கிலத்தில் வாசிக்க, பக்கத்தில் இருப்பவர் அதை அங்கேயே தமிழில் சொல்லணும், அவர் திணறினால் ஹாலே புகுந்துவிடும். முதலில் படித்தது டெய்ஸி எர்னாண்டஸ் 2014இல் எழுதிய நூல். அப்பா கியூபா, அம்மா கொலம்பியா, வளர்ந்தது நியூ ஜெர்சி. டெய்ஸி பெண்களையும் காதலிப்பார் என்று தெரிந்ததும் ‘தியா’ (ஸ்பானிஷில் அம்மா அல்லது அப்பாவின் கூடப்பிறந்த பெண்) ஒருத்தர் பல வருஷம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதைத் தமிழில் சொல்கிறவர் ‘அத்தை’ என்று சொல்லிவிட்டார். “அம்மாவோட கூடப் பொறந்தவங்கன்னா அத்தை எப்படிம்மா ஆவும்?” என்று ஒரு அக்கா மடக்க, அப்போ பெரியம்மாவா சித்தியா, மூத்தவரா இளையவரா என்று பத்து நிமிஷம் பக்கத்தைப் புரட்டிச் சண்டை. ஸ்பானிஷில் எல்லோருக்கும் ஒரே சொல்தான். கடைசியில் சித்தி என்று முடிவானது. அந்த நிமிஷத்திலிருந்து ஆளாளுக்குத் தங்களோடு பேசாமல் போன சித்தியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், அன்றைக்குப் பாதி அத்தியாயம்கூடத் தாண்டவில்லை.

அடுத்தது ரிகோபெர்டோ கொன்ஸாலஸின் நூல், 2006இல் வந்தது. பண்ணைக்கூலிக் குடும்பம், சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டார், அப்பாவோடு மெக்சிகோவுக்கு நெடுந்தூர பஸ் பயணம். தலைப்பிலேயே ‘மரிபோஸா’ வரும், பட்டாம்பூச்சி என்று அர்த்தம், ஆண்களை விரும்பும் ஆண்களைச் சீண்டவும் அதே சொல்தான். அதைக் கேட்டதும் அதே அக்கா, “அவங்களுக்காவது பூச்சி, நமக்கு வெறும் நம்பரு” என்றார். சிரித்து முடிக்க ரொம்ப நேரமானது. இதைத் தனியாக வீட்டில் படித்திருந்தால் அந்தச் சொல்லைத் தாண்டிப் போயிருப்பேன்.

ஆனால் கியூப எழுத்தாளர் ரெய்னால்டோ அரேனாஸ்தான் ஆளை அடித்துப்போட்டார். நோய் முற்றி எழுத முடியாமல் போனபோது டேப் ரெக்கார்டரில் பேசிப் பதிந்த புத்தகம், அதனாலோ என்னவோ சத்தமாக வாசிக்கும்போது பொருந்திப் போகிறது. 1980இல் மாரியேல் துறைமுகம் வழியாக ஏறத்தாழ 1,25,000 பேர் கியூபாவை விட்டுப் போனார்கள், வேண்டாதவர்கள் என்று அரசு முத்திரை குத்தி அனுப்பியதில் இவரும் ஒருவர். போக அனுமதி கிடைக்க, தான் ஓரினச்சேர்க்கையாளன்தான் என்று காட்டுவதற்கு அதிகாரிகள் முன் நடந்து காட்ட வேண்டியிருந்தது. அப்புறம் வெளியேறத் தடை உள்ளவர்கள் பட்டியலில் சிக்காமல் இருக்க, தாளில் தன் பெயரின் ‘அரேனாஸ்’ என்பதை ‘அரினாஸ்’ ஆக்கித் தப்பித்தார், ஒரே ஒரு எழுத்து. நடந்து காட்டிய பத்தியைத் தமிழில் சொல்ல வேண்டிய தம்பி வாயைத் திறக்கவில்லை. யாரும் உதவிக்குப் புகவும் இல்லை. ஃபேன் சத்தம் மட்டும்தான்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆங்கிலம் தெரிந்த ரெண்டு பேர் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டு விளக்கவுரை ஆற்றுவார்கள், யாராவது உட்காரச் சொல்லணும். காதல் வருகிற இடங்களுக்கு மெனக்கெட்டு, எர்னாண்டஸின் பெற்றோர் ஃபாக்டரியில் உழைத்த பக்கங்களை அவசரமாகத் தாண்டினார்கள், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை ஆட்கள் இருக்கிற அறையில் அதுதானே முதலில் வரவேண்டியது! மே மாத வெக்கையில் அந்த ஹாலில் உட்காருவது தனித் தவம். படி ரொம்பச் செங்குத்து, முட்டி வலி உள்ளவர்கள் யோசிக்கணும்.

கட்டணம் கிடையாது, டீக்கு இருபது ரூபாய் டப்பாவில் போடலாம், போடாவிட்டாலும் யாரும் பார்க்க மாட்டார்கள். போட்டோ எடுக்கக் கூடாது, அதில் கண்டிப்பு, சரிதான். தமிழ் மட்டும் தெரிந்தால் போதும், இன்னும் சொன்னால் அவர்கள்தான் அங்கே அதிகம் தேவைப்படுகிறார்கள்.

அடுத்தது எட்கர் கோமஸ், 2022இல் வந்த நூல். நிகராகுவாவில் மாமாவின் சேவல் சண்டைக் களத்தில் தொடங்குகிறது என்று சொன்னதுதான் தாமதம், கொருக்குப்பேட்டை அண்ணன் ஒருத்தர் அந்த அத்தியாயத்தைத் தமிழில் சொல்லப்போவது நான்தான் என்று இப்போதே துண்டு போட்டுவிட்டார்.