ஃபயர்வாலுக்குப் பின்னால் இன்னொரு ரூட்டர்: போர்ட் ஃபார்வர்டிங்கா, ஸ்டாடிக் ரூட்டா?

ஃபயர்வாலின் உள்முகவரி 192.168.1.1. அதே சுவிட்சில் 192.168.1.2 என்ற முகவரியில் இரண்டாவது ரூட்டர். அதன் பின்னால் 192.168.20.0/24 என்ற தனி நெட்வொர்க்கில், 192.168.20.10 முகவரியில் ஒரு சர்வர். அந்தச் சர்வருக்கு உரிய பாக்கெட்டுகளை ஃபயர்வால் எப்படி இரண்டாவது ரூட்டரிடம் ஒப்படைப்பது?

பலரும் முதலில் எடுப்பது போர்ட் ஃபார்வர்டிங். ஃபயர்வால் 443-ஆம் போர்ட்டுக்கு (பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கான எண்) வருவதை 192.168.1.2-க்குத் தள்ளும், அந்த ரூட்டர் அதைச் சர்வருக்குத் தள்ளும். ஃபயர்வாலுக்கு உள்ளே இருக்கும் நெட்வொர்க்கைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஒரே ஒரு சேவைக்கு இது போதும். ஆனால் ஒவ்வொரு புதிய போர்ட்டையும் இரண்டு இடங்களில் எழுத வேண்டும். முகவரி மாற்றமும் (NAT: வெளியே போகும் பாக்கெட்டில் அனுப்பிய கருவியின் முகவரிக்குப் பதில் ரூட்டர் தன் முகவரியை எழுதுவது) இரண்டு முறை நடப்பதால், பின்னால் இருக்கும் எந்தக் கருவி வெளியே போனாலும் ஃபயர்வால் லாகில் 192.168.1.2 என்றுதான் பதிவாகும். ஏதாவது ஒரு கணினியில் வைரஸ் புகுந்தால், எது என்று அந்த லாகைப் பார்த்துச் சொல்ல முடியாது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும், இந்த வழியைத் தவிர்க்க.

ஸ்டாடிக் ரூட் என்பது எந்த நெட்வொர்க்குக்கு எந்த வழி என்று நாமே எழுதி வைப்பது. இதில், இரண்டாவது ரூட்டரின் முகவரி மாற்றத்தை நிறுத்திவிட்டு, '192.168.20.0/24-க்குப் போக 192.168.1.2 வழி' என்று ஃபயர்வாலில் எழுதுகிறோம். இரண்டாவது ரூட்டரின் டீஃபால்ட் கேட்வே, அதாவது வேறு வழி தெரியாத பாக்கெட்டுகளை அது ஒப்படைக்கும் இடம், 192.168.1.1. போர்ட்டை ஒரே முறை, நேராக 192.168.20.10-க்கே அனுப்பலாம். ஃபயர்வாலின் அனுமதி விதிகளிலும் வெளியே போகும் முகவரி மாற்றத்திலும் 20.0 நெட்வொர்க்கைச் சேர்க்க மறந்தால், அங்கிருந்து இணையம் கிடைக்காது.

இதில் இருக்கும் பெரிய குழியில் நானும் ஒரு மாலை முழுக்கக் கிடந்திருக்கிறேன். 192.168.1.50 கணினியிலிருந்து சர்வருக்குப் பிங் போனது. இணையப் பக்கம் மட்டும் திறக்கவில்லை. கடந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் (tcpdump) கருவியை ஃபயர்வாலில் ஓட்டிப் பார்த்தேன். இணைப்பைத் தொடங்கக் கணினி அனுப்பிய சின் (SYN) பாக்கெட் கடந்து போனது. சர்வரிடமிருந்து பதிலாக வர வேண்டிய சின்-ஆக் (SYN-ACK) அந்தப் பக்கமே வரவில்லை. கணினியும் இரண்டாவது ரூட்டரும் ஒரே சப்நெட்டில் (192.168.1.x முகவரிகள்) இருப்பதால், பதில் ஃபயர்வாலைத் தொடாமல் நேரே கணினிக்குப் போய்விட்டது. அடுத்து கணினியிடமிருந்து வந்த ஆக் (ACK, ஒப்புகை) பாக்கெட், பாதி உரையாடலை மட்டும் கேட்ட ஃபயர்வாலுக்கு அந்நியமாகத் தெரிந்தது, தடுத்துவிட்டது.

பிஎஃப்சென்ஸ் (pfSense) என்ற ஃபயர்வால் மென்பொருளில் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: ஒரே இன்டர்ஃபேஸில் வந்து திரும்பும் பாக்கெட்டுகளுக்கு விதிகளைத் தளர்த்தும் தேர்வு. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. காவலுக்கு வைத்ததையே கண்ணை மூடச் சொல்வது அது. இரண்டாவது ரூட்டரை ஃபயர்வாலின் தனி இன்டர்ஃபேஸில் அல்லது தனி விலானில் (VLAN, அதே சுவிட்சில் பிரித்த தனி நெட்வொர்க்) வைத்து, நடுவில் 10.0.0.0/30 என்று இரண்டு கருவிகளுக்கு மட்டும் இடமுள்ள ஓர் இணைப்பு நெட்வொர்க் கொடுப்பதுதான் சரி. ஃபயர்வாலுக்கு 10.0.0.1, ரூட்டருக்கு 10.0.0.2, மூன்றாவது கருவிக்கு இடமே இல்லை. ஸ்டாடிக் ரூட்டும் டீஃபால்ட் கேட்வேயும் இந்தப் புதிய முகவரிகளுக்கு மாற வேண்டும்.

பிறகு, பாக்கெட் எந்தெந்த ரூட்டர் வழியாகப் போகிறது என்று காட்டும் ட்ரேஸ்ரூட்டை இரு முனைகளிலிருந்தும் ஓட்டுங்கள். கணினியிலிருந்து 192.168.1.1, 10.0.0.2, சர்வர் என்ற வரிசை வர வேண்டும். சர்வரிலிருந்து ஓட்டும்போது, நடுவில் 10.0.0.1 கட்டாயம் தெரிய வேண்டும்.