கேனா, ஆர்.ஓ.வா, கிணறா?

தக்கலையில் எங்கள் வீட்டில் கிணறு. மணக்குடியில் அக்கா வீட்டில் ஆர்.ஓ. கருவி. நாகர்கோவிலில் நான் வேலை பார்க்கும் இடத்தில் 20 லிட்டர் கேன். மூன்றில் எந்தத் தண்ணீரில் நுண்ணிய பிளாஸ்டிக் துணுக்கு குறைவு என்று அக்கா கேட்டாள்.

கேனை முதலிலேயே தள்ளிவிடலாம். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், பாட்டில் தண்ணீரில் லிட்டருக்குச் சராசரியாக 2.4 லட்சம் துணுக்குகள் இருந்தன. பத்தில் ஒன்பது நானோ அளவு, கண்ணுக்கே தெரியாத பொடி. ‘அது பாட்டில், இது கேன்’ என்று வாதாடலாம்தான். ஆனால் சித்திரை வெயிலில் திறந்த டெம்போவில் வந்து இறங்கும், உரசி உரசி வெளுத்துப்போன கேனுக்காக நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆர்.ஓ. சவ்வு துணுக்குகளைத் தடுத்துவிடும். என்ன, சவ்வும் பிளாஸ்டிக்தான். அதே ஆய்வில் பாலிஅமைடு என்ற நைலான் வகைப் பிளாஸ்டிக் துணுக்குகள் நிறையக் கிடைத்தன. சுத்திகரிப்பு வடிகட்டிகளிலிருந்தே அவை வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். போதாததற்கு, கழிவுக் குழாயில் ஓடும் தண்ணீர் வேறு. பழையாறு கடலில் கலக்கும் மணக்குடியில் கிணறே உப்புக் கரிக்கிறது. அக்காவுக்கு வேறு வழியில்லை. தக்கலையில் அந்தக் கருவி வீண் செலவு.

கொதிக்க வைத்தால்? இங்கேதான் எனக்கு ஏமாற்றம். 2024-இல் வந்த ஒரு சீன ஆய்வின்படி, கடின நீரைக் கொதிக்க வைத்தால் சுண்ணாம்பு பிரிந்து துணுக்குகளைப் பொதிந்துகொள்கிறது. பிறகு வடிகட்டினால் 90 சதவீதம் வரை போய்விடும். மென்நீரில் 25 சதவீதம்தான். எங்கள் கிணறு மென்நீர். பாத்திரத்தின் அடியில் வெள்ளை படிந்து பார்த்ததே இல்லை. ஆக, அம்மாவின் சீரகத் தண்ணீர் கிருமிக்குச் சரி, பிளாஸ்டிக்குக்குப் பாதி மருந்துகூட இல்லை.

அப்படியும் என் ஓட்டு கிணற்றுக்குத்தான் என்று சொல்லிவிட்டு, போன சனிக்கிழமை தண்ணீர் இறைக்கப் போனேன். நைலான் என்று கடையில் கொடுத்த நீலக் கயிறு, கப்பியில் உரசும் இடமெல்லாம் பஞ்சு போலச் சிலும்பி நின்றது. விரலால் வருடினேன், நீலத் தூள் ஒட்டியது. மீதி எங்கே போயிருக்கும்? நேரே கிணற்றுக்குள்தான். வாளியும் பிளாஸ்டிக், அடிப்பக்கம் சுவரில் இடித்து இடித்துச் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது.

அன்று மாலையே தென்னந்தும்புக் கயிறும் எவர்சில்வர் வாளியும் வாங்கி வந்தேன். அக்காவிடம் இன்னும் பதில் சொல்லவில்லை. கை உரிகிறது என்று அம்மா திட்டிக்கொண்டிருக்கிறார்.