500 மெகாபிட்டுக்கு ஓராண்டுப் பணத்தைக் கட்டிவிட்டு 94இல் நிற்கிறேன், நீங்களும் கட்டிவிடாதீர்கள்

சற்றுமுன்தான் என் ஐந்தாவது புகாரும் ‘வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. யாரும் வரவில்லை, யாரும் அழைக்கவில்லை, எதுவும் தீரவில்லை. வீட்டு இணைய இணைப்பை 100 மெகாபிட்டிலிருந்து 500 மெகாபிட்டுக்கு உயர்த்தித் தருவதாகச் சொல்லி, நான் அதுவரை கட்டிவந்ததைப் போல் இரண்டு மடங்கு வீதத்தில் பன்னிரண்டு மாதக் கட்டணத்தையும் ஒரே தவணையில் வாங்கிக்கொண்டார்கள். ஆறு வாரங்கள் ஆகின்றன. இன்றுவரை எனக்கு வருவது 94 மெகாபிட். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வீடுகளுக்கு ஃபைபர் இழுத்துத் தரும் இணைய நிறுவனங்களில் ஒன்று என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். இணைய வேகத்தை முறையாகச் சோதிப்பது எப்படி என்று பொறுமையாக ஒரு வழிகாட்டி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அந்தக் குறுஞ்செய்தியைப் பார்த்த பிறகு அந்தப் பொறுமை எனக்கு இல்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அழைப்பு அவர்களிடமிருந்துதான் வந்தது. எங்கள் தெருவில் மேம்பாட்டுப் பணி முடிந்துவிட்டது என்றும், என் இணைப்பு 500 மெகாபிட்டுக்குத் தகுதி பெற்றிருக்கிறது என்றும், மாதாமாதம் கட்டினால் புதிய ரவுட்டருக்குத் தனியாகப் பணம் தர வேண்டும், ஓராண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் ரவுட்டர் இலவசம் என்றும் அந்தப் பெண் மிகத் தெளிவாக விளக்கினார். வீட்டில் இருவர் ஒரே நேரத்தில் காணொளிக் கூட்டங்களில் அமர்கிறோம், பெரிய கோப்புகளை நாள்தோறும் இறக்க வேண்டியிருக்கிறது. ஐந்து மடங்கு வேகத்துக்கு இரண்டு மடங்கு கட்டணம் என்பது நியாயமாகவே தோன்றியது. கட்டிவிட்டேன். பன்னிரண்டு மாதக் கட்டணம், ஒரே நாளில், ஒரே விரல் தொடுதலில்.

மறுநாளே தொழில்நுட்பப் பணியாளர் வந்தார். இளைஞர், மரியாதையாகப் பேசினார், வேலையும் சுத்தமாக இருந்தது; இதைச் சொல்லாமல் விட்டால் நான் ஏன் நம்பினேன் என்பது விளங்காது. பழைய ரவுட்டரைக் கழற்றிவிட்டு, நான்கு ஆன்டெனாக்கள் கொண்ட புதியதை மாட்டினார். சுவரில் ஃபைபர் வந்து சேரும் சிறிய வெள்ளைப் பெட்டியை, அதாவது ஒளிச் சமிக்ஞையை லேன் கேபிளுக்கு மாற்றித் தரும் ஓஎன்டியை, அவர் தொடவில்லை. அதையும் மாற்ற வேண்டாமா என்று கேட்டேன். “அது நல்லா வேலை செய்யுது சார், அதுல கை வைக்க வேண்டியதில்லை” என்றார். என் லேப்டாப்பில் வேகத்தைச் சோதித்துப் பார்க்கட்டுமா என்றதற்கு, பழைய லேப்டாப்பில் சரியாகக் காட்டாது, தம் போனிலேயே பார்க்கலாம் என்று அதன் திரையை என் பக்கம் திருப்பினார். முள் ஏறியது, 300ஐத் தாண்டியது, 400ஐத் தாண்டியது, 487இல் நின்றது. நான் சிறுபிள்ளையைப் போல மகிழ்ந்து, தம்பிக்கு அனுப்புவதற்காக அந்தத் திரையை என் போனில் படமும் எடுத்துக்கொண்டேன். பணி திருப்தியாக முடிந்தது என்பதற்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கள் என்றார். சொன்னேன். ஆறு இலக்கங்கள். என் வழக்கு முழுவதும் அந்த ஆறு இலக்கங்களோடு முடிந்துவிட்டது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அன்று மாலை ஒரு பெரிய கோப்பை இறக்கியபோதே சந்தேகம் வந்தது. நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன, பதிவிறக்கச் சாளரம் பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டுகிறது. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட் என்பதால், 500 மெகாபிட் என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 62 மெகாபைட் வர வேண்டும். எனக்கு 11.7ஐத் தாண்டவில்லை. அந்தச் சேவையகத்தின் குறையாக இருக்கலாம் என்று எண்ணி, ஊக்லா நிறுவனத்தின் ஸ்பீட்டெஸ்டில் சோதித்தேன், 94.1. நெட்ஃபிளிக்ஸ் 2016இல் வெளியிட்ட ஃபாஸ்ட் சோதனை தன் சொந்தச் சேவையகங்களிலிருந்து தரவை இறக்கி அளப்பது, அதிலும் 94. மறுநாள் காலை 94.1, இரவு ஒன்பது மணிக்கு 93.8, நள்ளிரவில் 94.2. நான்கைந்து நாள்கள் இப்படியே நேரம் குறித்து எழுதி வைத்தேன்.

இங்கேதான் நான் மந்தமாக இருந்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபைபர் இணைப்பு ஒரு வீட்டுக்கென்றே தனியாக வருவதில்லை. பரவலாக உள்ள ஜிபான் முறையில், ஏறத்தாழ 2.5 கிகாபிட் (2500 மெகாபிட்) கொள்ளளவுள்ள ஓர் இழையை 32 அல்லது 64 வீடுகள் வரை பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே, நெரிசல்தான் காரணம் என்றால் மாலையில் வேகம் சரிந்து, நள்ளிரவில் ஏற வேண்டும். எண்கள் அலைய வேண்டும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சோதனைகள், வெவ்வேறு சேவையகங்கள், வெவ்வேறு வேளைகள், எல்லாவற்றிலும் அதே 94 என்றால், அது நெரிசல் இல்லை, எங்கோ ஒரு சுவர். அந்தச் சுவர் வெளியே எங்கும் இல்லை, என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று முதல் நாளே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அதற்குப் பதிலாக வாடிக்கையாளர் சேவை மையத்தை நம்பினேன். முதல் அழைப்பில் ரவுட்டரை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். இரண்டாவது அழைப்பில், வைஃபையில் அப்படித்தான் இருக்கும், சுவர்கள் இருக்குமல்லவா என்றார்கள். பொதுவாக அது பொய் இல்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பழைய கருவிகளுக்கு நூறு மெகாபிட் கிடைப்பதே அரிது. ஆனால் நான் லேன் கேபிளில்தான் சோதித்தேன் என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது அழைப்பில், கேபிள் பழையதாக இருக்கும் என்றார்கள். கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு, 100 மெகாபிட்டுக்கு அவற்றில் இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும், மற்ற இரண்டில் ஒன்று அறுந்திருந்தாலும் வேகம் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும் என்பதால் அந்த வாதத்தையும் மதித்தேன். கேட் 6 கேபிள் புதிதாக வாங்கிப் போட்டேன். லேப்டாப்பின் அமைப்புகளில் இணைப்பு வேகம் 1000 என்று காட்டியது. சோதனை 94.2 என்றது.

நான்காவது அழைப்பில் கிடைத்த பதிலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. “எங்க சிஸ்டத்துல உங்களுக்கு 500ன்னுதான் சார் காட்டுது.” அவர்கள் திரையில் 500 என்று இருந்தால் என் வீட்டிலும் 500 வந்துவிடுமா? என் வங்கிக் கணக்கிலிருந்து போன பன்னிரண்டு மாதக் கட்டணத்தையும் திரையில் மட்டும் காட்டியிருக்கலாமே! ஐந்தாவது முறை, பிளானின் பெயரிலேயே ‘500 வரை’ என்று இருக்கிறது, ‘வரை’ என்றால் அதற்குக் குறைவாகவும் வரலாம் என்று எனக்குத் தமிழ் இலக்கணம் நடத்தினார்கள். ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு புதிய புகார் எண்; ஒவ்வோர் எண்ணும் இரண்டு நாள்களில் ‘தீர்க்கப்பட்டது’. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவரிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும், அவரும் முதலில் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, கோபத்தில்தான், ரவுட்டருக்குப் போகும் கேபிளைப் பிடுங்கி, அந்த வெள்ளைப் பெட்டியிலேயே நேராக லேப்டாப்பைச் செருகினேன். இணைப்பு வேகம் 1000 என்பது 100 ஆனது. இவ்வளவுதான் விஷயம். லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் இடையில் கிகாபிட். அதைத்தான் நான் இத்தனை நாள் பார்த்து ஏமாந்தேன். ரவுட்டருக்கும் ஓஎன்டிக்கும் இடையில் வெறும் 100. பெட்டியின் அடியில், தூசுக்கு நடுவே, ‘எஃப்இ’ என்று அச்சிட்டிருக்கிறது, ஃபாஸ்ட் ஈத்தர்நெட். அது 1995இல் வந்த, 100 மெகாபிட்டுக்கு மேல் போகாத தரம். கேபிளில் 1000 மெகாபிட் அனுப்பும் தரம் 1999இலேயே வந்துவிட்டது. அந்த 94 என்ற எண்ணும் தற்செயலானது இல்லை: 100 மெகாபிட் கம்பியில் தரவு பொட்டலங்களாகப் போகிறது, முகவரி, இடைவெளி எல்லாம் சேர்ந்து கம்பியில் 1538 பைட் இடம் பிடிக்கும் ஒரு பொட்டலத்தில் நம் கோப்புக்குச் சேர்வது அதிகபட்சம் 1460தான், எனவே சோதனையில் 95க்குச் சற்றுக் குறைவாகத்தான் காட்ட முடியும். அந்தப் பெட்டி சுவரில் இருக்கும் வரை, 500 என்ன, 5000 மெகாபிட்டுக்குப் பணம் கட்டினாலும் எனக்கு 94தான். அதைவிடக் கசப்பானது, மேம்பாட்டுக்கு முன்பும் எனக்கு அதே 94தான் வந்துகொண்டிருந்தது, பாதிக் கட்டணத்தில்.

பெட்டி அவர்களுடையது. அதன் மாடல் எண் அவர்கள் பதிவேட்டில் இருக்கிறது. பணம் வாங்குவதற்கு முன் அதைப் பார்க்கும் வேலை யாருடையது?

அப்படியானால் அந்த 487 எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. தம்பிக்கு அனுப்பிய படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். திரையின் உச்சியில் வைஃபை குறியே இல்லை; மொபைல் டேட்டாவின் குறி இருக்கிறது. முடிவுக்குக் கீழே சேவை தருபவர் என்ற இடத்தில் ஒரு மொபைல் நிறுவனத்தின் பெயர். என் வீட்டு ஃபைபரைக் காட்டுவதாகச் சொல்லி, அவர் தம் சிம் கார்டின் வேகத்தைக் காட்டியிருக்கிறார். வைஃபை இணையாமல் போனதை அவரே கவனிக்காமல் இருந்திருக்கலாம் என்று ஒருநாள் முழுக்க அவருக்காக நானே வாதாடிப் பார்த்தேன். என் லேப்டாப்பில் சோதிக்க வேண்டாம் என்று தடுத்தது நினைவுக்கு வந்ததும் அந்த வாதம் நிற்கவில்லை.

இத்தனையையும் ஆதாரத்தோடு மேற்பார்வையாளரிடம் சொன்னேன். வந்தவர் ஒப்பந்தப் பணியாளர், அவருடைய போனுக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்றார். கிகாபிட் ஓஎன்டி வேண்டுமென்றால் கருவி மாற்றத்துக்குத் தனிக் கட்டணம் என்றார். சரி, பன்னிரண்டு மாதக் கட்டணத்தில் பயன்படுத்தாத மாதங்களையாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். ஓராண்டுச் சலுகையில் பணம் திரும்பாது என்றார். பழைய பிளானுக்காவது மாற்றி மீதியைக் கணக்கில் வையுங்கள் என்றேன். ஆண்டு முடியும்வரை இறங்க முடியாது என்றார். கடைசியாக, குரலை உயர்த்தாமலே, “நீங்கதானே சார் திருப்தின்னு ஓடிபி கொடுத்திருக்கீங்க” என்றார். என் பன்னிரண்டு மாதக் கட்டணம் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது.

வழிகாட்டி எழுதும் மனநிலை இல்லை என்று முன்பே சொன்னேன். ஆகவே அவசரமாகச் சில சொற்கள் மட்டும். ஓராண்டுப் பணத்தை முன்கூட்டிக் கட்டாதீர்கள். இலவச ரவுட்டர் என்பது இலவசமே இல்லை. உங்கள் கருவியில், கேபிளில், வீட்டில் உள்ள மற்ற எல்லாவற்றையும் துண்டித்துவிட்டு நீங்களே சோதித்துப் பார்க்கும்வரை ஓடிபியைச் சொல்லாதீர்கள், பணியாளருக்கு அடுத்த வீட்டில் எவ்வளவு அவசரமாக இருந்தாலும் சரி. யாராவது தம் போனில் காட்டினால், எண்ணைப் பார்ப்பதற்கு முன் அதற்குக் கீழே உள்ள நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள். நிறுவனத்தின் சொந்தச் சோதனைப் பக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். அதன் சேவையகம் அவர்கள் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும், வெளியே போகும் பாதையை அது அளக்காது. லேப்டாப்பில் 1000 என்று காட்டுகிறது என்று நிம்மதியடையாமல், சுவரில் உள்ள பெட்டியிலும் ஒரு முறை நேராகச் செருகிப் பாருங்கள். 94 என்ற எண் திரும்பத் திரும்ப வந்தால் ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மேலாளர் மூன்று மணிக்குத் தாமே அழைப்பார் என்று காலையில் சொன்னார்கள். இப்போது மணி ஐந்தரை. ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்று கேட்டு ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்திருக்கிறது.