பவுன்டி கப்பலுக்காகவே இந்த டிவிடியை வாங்கலாம்

1962 இல் வந்த 'மியூட்டினி ஆன் த பவுன்டி' படத்தின் இரண்டு தட்டு டிவிடி இது, 2006 பதிப்பு. பதினெட்டாம் நூற்றாண்டில் மாலுமிகள் கப்டனுக்கு எதிராகக் கிளம்பிய பவுன்டி என்ற பிரித்தானியப் பாய்க்கப்பலின் கதை. கனடாவிலிருந்து வந்த மச்சான் கொண்டுவந்து தந்தான். வல்வெட்டித்துறையில் பெரியப்பா வீட்டில் போட்டுப் பார்த்தோம். பெரியப்பா இளவயதில் வள்ளங்களுக்குப் பலகை அடித்தவர்.

படம் மூன்று மணி நேரம். கப்பல் கடலில் நிற்கும்வரை கண்ணை எடுக்க முடியாது, பசிபிக் தீவான தாகித்தியில் இறங்கியதும் இழுபடத் தொடங்குகிறது. இயக்குநர் கரோல் ரீட் நடுவில் விலக, லூயிஸ் மைல்ஸ்டோன் வந்து முடித்த படம். அந்த இழுபறி திரையிலும் தெரிகிறது. கப்டன் பிளையாக வரும் ட்ரெவர் ஹவார்ட் மட்டும் கடைசிவரை அசரவில்லை.

என்னைக் கேட்டால் இரண்டாவது தட்டுக்குத்தான் காசு. அது முழுக்கக் கப்பலைப் பற்றியது. ஒரு படத்துக்காக, கனடாவின் லூனன்பர்க் கப்பல் கட்டும் துறையில் 1960 இல் உண்மையாகவே ஒரு பாய்க்கப்பல் கட்டியிருக்கிறார்கள்! கடைசியில் அதை எரிப்பதாக இருந்ததாம். படத்தின் நாயகன் மார்லன் பிராண்டோ விடவில்லையாம்.

கப்பலின் மேல்தளம் வந்தபோது பெரியப்பா கையைத் தூக்கினார். "நிப்பாட்டு தம்பி." எழும்பி டிவிக்குக் கிட்டப் போய், கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "உது பழைய அளவில்லை. அகலம் கூடிப்போச்சு."

அவர் சொன்னது சரி. பழைய பவுன்டி ஏறக்குறைய 90 அடி. கமரா வைக்க இடம் வேண்டுமென்று இதை 120 அடியாக்கி, டீசல் எஞ்சினும் பூட்டினார்கள். நான் 90 அடி என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இதே ஊரில் கட்டின அன்னபூரணி 89 அடி. அமெரிக்கர் ரொபின்சன் வாங்கி, 1938 இல் அட்லாண்டிக் தாண்டி அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்த கப்பல் அது. அதற்குப் பிறகு படம் அரை மணி நேரம் அப்படியே நின்றது, அவர் அன்னபூரணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தமிழ் வசன வரி இல்லாதது பெரிய குறை. பக்கத்தில் இருந்து நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இன்னொன்று, 2006 தட்டு என்பதால் கப்பலின் முடிவு இதில் இல்லை. 2012 ஒக்டோபரில், சாண்டி புயலில், வட கரோலைனாவுக்கு அப்பால் அது மூழ்கிப்போனது. அதையும் பெரியப்பாவுக்குச் சொன்னேன்.

"ஆக்கள் தப்பினவையோ?"

"பதினாறு பேரில பதினாலு பேரைக் காப்பாத்திப்போட்டினம், பெரியப்பா. கப்டனும் ஒரு பொம்பிளையும் போயிட்டினம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.