மரப்பெட்டியில் வந்த வெள்ளி அரும்பு: நுவரெலியாவில் வாங்கிய சில்வர் டிப்ஸ்

சுற்றுலாப் பயணிகளை நம்பி நடக்கும் நுவரெலியாத் தேயிலைக் கடையொன்றில், கடந்த மாசி மாதம் 50 கிராம் சில்வர் டிப்ஸ் தேயிலையை 14,500 ரூபா கொடுத்து வாங்கினேன். பித்தளைக் கீலும் உள்ளே கருநீல வெல்வெட்டும் வைத்த மரப்பெட்டி. மூடியின் உட்புறத்தில் 300இல் 87ஆவது பெட்டி என்று பொறித்த சிறு தகடு. அடுத்த வாரம் ஹட்டன் பக்கத்திலுள்ள தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் விற்பனைக் கூடத்தில் அதே நிறையுள்ள சில்வர் டிப்ஸை வெறும் ஈயத்தாள் பையில் 4,600 ரூபாவுக்கு வாங்கி, இரண்டையும் வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். இந்த மதிப்பீடு அந்த இரண்டு பொதிகளையும் பற்றியது.

மலையகத்தில் பிறந்தவர்களுக்கே சில்வர் டிப்ஸ் பழக்கமான தேயிலை அன்று. நாம் குடித்து வளர்ந்தது டஸ்ட் எனப்படும் தூள் தேயிலை. மிஞ்சிப்போனால் விருந்தாளிக்கு பி.ஓ.பி. எனும் சற்றுப் பெரிய துகள் தேயிலை. வழக்கமாக இரண்டு இலையும் ஒரு அரும்புமாகக் கொழுந்து எடுப்பார்கள். சில்வர் டிப்ஸுக்கோ இன்னும் விரியாத அரும்பை மட்டும் தனியே கிள்ளுகிறார்கள். சாதாரணக் கொழுந்தைக் கிலோக் கணக்கில் கூடையில் போடும் கைகள், இதை கிராம் கணக்கில்தான் சேர்க்க முடியும். தொழிற்சாலையில் அரைப்பதும் இல்லை, புளிக்க வைப்பதும் இல்லை. மெல்ல வாட்டி உலர்த்துவதோடு வேலை முடிகிறது. அரும்பைப் போர்த்திருக்கும் வெண்ணிற நுண்மயிர் அப்படியே நிற்பதால்தான் அதற்கு வெள்ளி நிறம். இதே அரும்பு கொழுந்தோடு சேர்ந்து உருளும்போது, இலைச்சாறு அந்த மயிரில் படிந்து புளித்துப் பொன்னிறமாகிவிடும்; கோல்டன் டிப்ஸ் என்று விற்கப்படுவது அதுதான். ஆகவே இங்கே இயந்திரத்துக்கு அதிக வேலை கிடையாது. வாங்குபவர் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு விரலுக்கும் பொறுமைக்கும் உரியது, அல்லது உரியதாக இருக்க வேண்டும்.

முதலில் கண்ணால் பார்த்தேன். பெட்டித் தேயிலையில் அரும்புகள் ஏறக்குறைய ஒரே நீளத்தில், நுனி முறியாமல், சாம்பல் கலந்த வெள்ளையாக இருந்தன. விரிந்த இலை ஒன்றுகூட இல்லை. பைத் தேயிலையில் நீளம் கொஞ்சம் கூடக்குறைய இருந்தது. அடியில் உடைந்த துண்டுகளும் கிடந்தன. பிரித்தெடுத்த கையின் கவனத்தில் பெட்டிக்காரர் ஒரு படி மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதைக் கொதிக்கும் நீரில் போட்டுக் கெடுப்பவர்கள் அதிகம். நுவரெலியாவின் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது என்றாலும், அந்தச் சூடும் இந்த அரும்புக்கு அதிகம். கொதித்ததை இறக்கி, 80 பாகையளவில் ஆறவிட்டு, ஒரு கோப்பைக்கு மூன்று கிராம் போட்டு, ஆறு நிமிடம் மூடி வைத்தேன். சாயம் வெளிர் வைக்கோல் நிறத்துக்கு மேல் ஏறவில்லை. பைத் தேயிலையின் முதல் வாய் பிஞ்சு வெள்ளரிக்காயை நினைவூட்டியது. விழுங்கிய பின் தொண்டையில் தேனின் சாயலுள்ள இனிப்பு ஒன்று நெடுநேரம் நின்றது. துவர்ப்பு இல்லையென்றே சொல்லலாம். அதே அரும்பில் இரண்டாம் முறை ஊற்றியபோது மணம் இன்னும் தெளிவானது. மூன்றாம் முறையோடு போதும். பாலும் சீனியும் இதன் பக்கமே வரக்கூடாது.

பெட்டித் தேயிலையின் இனிப்பு இதைவிட ஆழமானது. ஆனால் அதற்கு முன்னால் வேறொரு வாடை வந்து நின்றது. முப்பது வருடம் கொழுந்தெடுத்த என் அம்மா கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகாமலே, "தம்பி, இதுல பாலீஷ் வாசம் வருதேப்பா" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி. சுற்றியுள்ள எந்த வாசனையையும் தேயிலை உறிஞ்சிக்கொள்ளும் என்பது தேயிலைப் பக்கத்தில் நிற்கும் எவருக்கும் தெரிந்த பாடம். அப்படியிருக்க, வார்னிஷ் அடித்த பெட்டிக்குள், இறுக மூடாத மெல்லிய துணிப்பையில் இவ்வளவு விலையுயர்ந்த அரும்பை வைத்தவர்களை என்ன சொல்வது? அந்தக் காலத்துத் தேயிலைப் பெட்டி ஒட்டுப்பலகைதான்; ஆனால் உள்ளே உலோகத்தாள் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பெட்டிகள் தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடுகளில் துணிப்பெட்டியாகவும் மேசையாகவும் உழைத்தன. அப்படி ஒன்றை அதே கடை பழம்பொருள் என்று கண்ணாடிக்குப் பின்னால் காட்சிக்கு வைத்திருக்கிறது. அதன் உட்புறத்தை யாராவது ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம்.

இலக்கத் தகட்டைக் காட்டி, இது சேகரிப்பாளர்களுக்கானது, இருக்க இருக்கப் பெறுமதி கூடும் என்றார் விற்பனையாளர். அரிய தேயிலைக்குப் பெரும் விலை கொடுப்பதில் புதுமை எதுவும் இல்லை. 1891இல் லண்டன் மின்சிங் லேன் ஏலத்தில் மஸ்கெலியா கார்ட்மோர் தோட்டத்துத் தேயிலை இறாத்தல் (சுமார் 450 கிராம்) ஒன்று 10 ஸ்டேர்லிங் பவுணுக்கு மேல் விலைபோயிருக்கிறது. ஆனால் அங்கே தோட்டத்தின் பெயர் இருந்தது. எனது பெட்டியில் தோட்டமும் இல்லை, அரும்பெடுத்த மாதமும் இல்லை. காலாவதித் திகதியும் அந்த 87ஆம் இலக்கமும் மட்டுமே உள்ளன. சீனாவின் பூஜியான் பகுதியில் வெள்ளைத் தேயிலையை ஆண்டுக்கணக்கில் பழக வைக்கும் மரபு உண்டு. அங்கேயும் வருடம் தெரியாத தேயிலையை யாரும் பழையது என்று மதிப்பதில்லை. நமது உயர்நிலத்து அரும்பின் சிறப்பு அதன் பச்சை மணத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதைப் பூட்டி வைத்தால் பித்தளைக் கீல்தான் மிஞ்சும். ஈயத்தாள் பையிலோ தோட்டத்தின் பெயரும் பொதியிட்ட நாளும் முத்திரையாக அடிக்கப்பட்டிருந்தன.

கடையின் உபசரிப்பில் குறையில்லை. சுவைத்துப் பார்க்கக் கோப்பை கொடுத்தார்கள், அவசரப்படுத்தவில்லை, தமிழிலேயே பேசினார்கள். வாடையைப் பற்றித் தொலைபேசியில் சொன்னபோது மட்டும், அது மரத்தின் இயற்கை மணம் என்று பதில் வந்தது.

வெளிநாட்டு உறவினருக்குப் பரிசாகக் கொடுக்கப் பெட்டிதான் வேண்டும் என்பவர்கள், வாங்கிய அன்றே அரும்பை இறுக மூடும் தகரப் பேணி ஒன்றுக்கு மாற்றிவிட்டு, பெட்டியைத் தனியே கொடுங்கள். குடிப்பதற்கு வாங்குபவர்கள், மழையில்லாத தை முதல் பங்குனி வரையான மாதங்களில் தொழிற்சாலைக் கூடத்துக்கே போய், பொதியிட்ட திகதியைக் கேட்டு வாங்குங்கள். நான் பங்குனியில் இன்னொரு ஈயத்தாள் பை வாங்கி வந்தேன். மரப்பெட்டியில் இப்போது அம்மாவின் வெற்றிலையும் பாக்கும் இருக்கின்றன.